"மனம் இல்லை" என்பது மெய்தானா?

புகையிலைப் பழக்கமுள்ள ஒருவரைப் பற்றி அவர் வீட்டாரிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "சொல்லாத நாளில்லை. அவருக்கு விட மனம் இல்லை. மனம் இருந்தால் இத்தனை வருஷத்தில் விட்டிருக்க மாட்டாரா?" என்பார்கள். அதே மனிதரைத் தனியாக அழைத்துக் கேட்டால் அவர் வேறு விதமாகச் சொல்வார்: "விட வேண்டுமென்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை." இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இரண்டும் ஒருங்கே மெய்யாயிருக்க முடியுமா? விட வேண்டுமென்ற நினைப்பும், விட மனமில்லாமையும் எப்படி ஒரே நெஞ்சில் குடியிருக்கும்?

இதை வெறும் சொற்சண்டை என்று தள்ளிவிடலாகாது. வீட்டார் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டால் குற்றம் முழுவதும் அந்த மனிதருடையது. நச்சரிப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டால் பழக்கம் ஒரு விலங்கு. அவராலும் ஆவது ஒன்றுமில்லை. எப்படிப் பார்த்தாலும் மறுநாள் காலையில் பெட்டிக்கடையில் ஒரு கட்டுப் பீடி விலைபோகத்தான் போகிறது.

முதலில், விட மனமுள்ளவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம். 2016-17ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று புகையிலைப் பழக்கத்தைப் பற்றிக் கணக்கெடுத்தது. 15 வயது நிறைந்தவர்களில் 100-க்கு 28.6 பேர் புகையிலையை ஏதாவதொரு விதத்தில் உபயோகித்து வந்தார்கள். தமிழ்நாட்டில் 20 பேர். புகைப்பவர்களில் மட்டும் எடுத்துக்கொண்டால், 100-க்கு 55 பேர் விட்டுவிட எண்ணியிருந்தார்கள். 38 பேர் அதற்கு முந்திய 12 மாதங்களுக்குள் ஒரு முறையாவது விட்டுப் பார்த்தவர்கள்! ஆகவே "மனம் இல்லை" என்ற தீர்ப்பு, புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருந்தவில்லை. தெரியாமையும் காரணமன்று. புகைத்தால் கொடிய வியாதி வருமென்பதை மக்களில் 100-க்கு 92 பேர் அறிந்தே இருந்தார்கள். அறிவு இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. பின் என்னதான் குறைகிறது?

இந்தக் கேள்வியை 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். அவர் அர்ச். அகுஸ்தீனார். அவர் காலத்தில் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் புகையிலை என்ற பெயரையே யாரும் கேட்டதில்லை; அவரைப் பிணித்திருந்தது வேறொரு பழக்கம். 386ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அவர் பட்ட பாட்டைத் தமது சுயசரிதையின் எட்டாம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். உடம்புக்கு மனம் இடுகிற கட்டளை உடனே நிறைவேறுகிறது. தனக்கே அது இட்டுக்கொள்ளுகிற கட்டளை மட்டும் ஏன் நிறைவேறுவதில்லை என்று வியந்தார். கட்டளையிட்ட மனம் பாதி மனமே என்ற முடிவுக்கு வந்தார். விடவும் வேண்டும், அது இன்றைக்கே வேண்டாம் என்று இரண்டையும் விரும்பிய ஒரே மனிதர் தாமே என்பதை அவர் மறைக்கவில்லை.

நம் தமிழில் இதற்குப் பழகிய ஒரு சொல் இருக்கிறது: அரைமனம். புகைப்பவரிடம் இருப்பது இதுதான். காலையில் எழுந்து இருமும்போது அவருக்கு விட முழுமனம். தேநீர் குடித்து முடித்ததும் அது முக்கால். பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் பக்கத்தில் ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தால் கால். இது அவருடைய கபடமன்று. புகையை உள்ளே இழுத்த 10, 20 நொடிகளுக்குள் அதிலுள்ள நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அது குறையும்போது எரிச்சல், பதைப்பு, கவனச்சிதறல், தூக்கமின்மை எல்லாம் தலைகாட்டுகின்றன. அடுத்த பீடி இவற்றைத் தணிப்பதால், "பீடி எனக்கு நிம்மதி தருகிறது" என்று அவர் நம்புகிறார். அந்த நிம்மதியைக் கெடுத்ததே முந்தின பீடிதான் என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. விட்டவருக்கு முதல் வாரம் கடினம். மூன்று நான்கு வாரங்களில் இத்தொல்லைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிஷங்களே நிற்கும். இதைச் சொல்லி வைக்க ஆளில்லாததால், முதல் வாரத்து வேதனை ஆயுசு முழுவதும் நீடிக்கும் என்று பயந்தே பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

அரைமனம் முழுமனமாவது எப்படி? இதுதான் நம் கேள்வி.

பயம் அதைச் செய்யும் என்பது பொதுவான நம்பிக்கை. பயத்தை நாம் அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. ஞானோபதேசத்தில் பயத்தினால் வரும் மனஸ்தாபத்தைப் பற்றியும், அன்பினால் வரும் உத்தம மனஸ்தாபத்தைப் பற்றியும் படித்திருக்கிறோம். முந்தியது குறைவுள்ளதாயினும் வீண் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. உறைகளின்மேல் போடும் புற்றுநோய்ப் படங்களும் அப்படித்தான். மேற்சொன்ன கணக்கெடுப்பிலேயே சிகரெட் புகைப்போரில் 100-க்கு 62 பேரும், பீடி புகைப்போரில் 54 பேரும் அந்தப் படங்களைப் பார்த்தே விட எண்ணியதாகச் சொன்னார்கள். எண்ணத்தைப் பயம் எழுப்பிவிடுகிறது. ஆனால் பயம் மட்டும் இருந்து நம்பிக்கை இல்லாவிட்டால் மனிதன் செய்வதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வதுதான். "நாற்பது வருஷம் இழுத்தாயிற்று, இனி விட்டென்ன, விடாமலென்ன?" என்று கேட்கிற முதியவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பயம் குறையவில்லை. விட்டால் பிரயோசனம் உண்டு என்ற எண்ணமே அற்றுப்போயிற்று.

பிரயோசனம் உண்டு என்பதற்குத் திட்டமான அத்தாட்சி இருக்கிறது. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டியவர்கள் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்ற இருவர். அந்த ஆராய்ச்சியில் கண்டதைக் கொண்டே டால் தம் சொந்தப் புகைப்பழக்கத்தையும் விட்டார். 1951 முதல் இவர்கள் பிரிட்டிஷ் டாக்டர்களையே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 34,439 ஆண் டாக்டர்களைப் பற்றிய ஐம்பதாண்டு முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கடைசிவரை சிகரெட் பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிட ஏறக்குறைய 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டும், 40-ல் விட்டவர்களுக்கு 9 ஆண்டும், 50-ல் விட்டவர்களுக்கு 6 ஆண்டும் மீண்டன. 60-ல் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு! மூன்று ஆண்டு என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து, நடந்து, "தாத்தா" என்று கூப்பிடும் காலம்.

பயத்துக்கு அடுத்தபடி நாம் கையாளுவது வெட்கப்படுத்துவதும் தண்டிப்பதும். இதைத் திருச்சபையின் அதிகாரிகளும் ஒரு காலத்தில் செய்து பார்த்தார்கள். ஸ்பெயின் தேசத்துச் செவீல் நகரில் கோவிலுக்குள்ளேயே குருக்களும் ஜனங்களும் புகையிலையையும் பொடியையும் உபயோகித்து அசுத்தம் செய்ததால், 1642ஆம் ஆண்டில் 8ஆம் உர்பான் பாப்பரசர், அப்படிச் செய்வோரைத் திருச்சபையை விட்டு விலக்கும் ஆக்கினையை விதித்தார். கோவிலின் சங்கையைக் காப்பதே அதன் நோக்கம். அது நியாயமும் கூட. ஆனால் பொடி போடுகிறவர்கள் அதனால் பொடியை விட்டார்களா? ரோமாபுரியில் அர்ச். இராயப்பர் தேவாலயத்துக்கும் நீட்டப்பட்டிருந்த இந்தத் தடையை 1725ஆம் ஆண்டில் 13ஆம் பெனடிக்ட் பாப்பரசர் நீக்கினார். அவரே பொடி போடுகிறவர் என்பார்கள். இதனோடு, பிரான்சிஸ் பாப்பரசர் 2017ஆம் ஆண்டில் செய்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புகைப்பவருக்கு அவர் ஆக்கினை எதுவும் விதிக்கவில்லை. மறு ஆண்டு முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனை இல்லை என்று அறிவித்தார். கஜானாவுக்கு வருமானம் தந்துகொண்டிருந்த வியாபாரம் அது. பாவ சமயத்தை விலக்கு என்று மற்றவனுக்குப் போதிக்கிறவர்கள், அந்தச் சமயத்தை அவனுக்கு விற்காமலிருப்பதும் நல்லதல்லவா?

(புகைப்பது பாவமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல், உணவு, மது, மருந்து இவற்றோடு புகையிலையின் மிதமிஞ்சிய உபயோகத்தையும் மட்டசனம் என்னும் புண்ணியத்துக்கு மாறானவற்றில் சேர்க்கிறது. அதற்கு மேல் அவரவர் மனச்சாட்சிக்கும் ஆன்ம குருவுக்கும் உரியது. அடுத்த வீட்டுக்காரருக்கு உரியதன்று.)

வெட்கப்படுத்துவதால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தெருமுனையில் புகைத்துவிட்டு, வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு மனிதன் வீட்டுக்குள் நுழைகிறான். பழக்கம் போகவில்லை, அதோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. ஒளிக்கிறவன் உதவி கேட்கமாட்டான். கேட்டால் ஒளித்தது வெளியாகிவிடுமே!

இதிலும் கொடியது ஒன்று உண்டு. "பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள்" என்று மனைவியோ தாயாரோ கட்டாயப்படுத்துவது. அழுது கேட்கும்போது அவனும் செய்துவிடுகிறான். பத்தாம் நாள் தவறிவிடுகிறான். அந்த வாரம் குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் கண்டாலும் அவன் நெஞ்சு என்ன பாடுபடும்! அந்தப் பயத்தில் அவன் பீடியை விடுவான் என்று எண்ணுகிறீர்களா? பதைப்புத் தணிய இரண்டு பீடி கூடுதலாகப் பிடிப்பான். சத்தியத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டான். குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க நம்மில் யாருக்கும் உரிமையில்லை என்பது ஒருபுறமிருக்க, ஒருவனுடைய அன்பையே அவனை அடிக்கும் கோலாக்குவது அவனுடைய சுயாதீனத்தைப் பறிப்பதாகும். அன்பினால் ஏவப்பட்டுச் செய்தார்கள் என்பதற்காக இந்தப் பழக்கத்தை நான் நல்லதென்று சொல்லத் தயாரில்லை.

அப்படியானால் மற்றவர் மனத்தை மாற்ற நமக்கு உரிமையே இல்லையா? உண்டு. காரணத்தை எடுத்துக் காட்டலாம். அவனுடைய மனத்துக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் பாதிக்குத் துணை போகலாம். வெளியிலிருந்து ஒரு மனத்தைக் கொண்டுவந்து அவனுக்குள் திணிக்க முடியாது. இந்த வேற்றுமை வைத்திய சாஸ்திரத்திலும் தெரிகிறது. கேரளத்தில் புகைப்பழக்கமுள்ள நீரிழிவு நோயாளிகள் 224 பேரைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பகுதியாருக்கு, "புகைப்பதை விடுங்கள்" என்று டாக்டர் சொல்லி ஒரு பிரசுரத்தைக் கொடுத்தார். மற்றப் பகுதியாருக்கு அதோடு, பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் உட்கார்ந்து, அவர்களுடைய சர்க்கரை வியாதியோடு புகை எப்படிச் சம்பந்தப்படுகிறது என்பதை விளக்கிப் பேசினார். ஆறு மாதத்துக்குப் பின் கேட்டபோது, முதற் பகுதியில் எட்டில் ஒருவர் விட்டிருப்பதாகச் சொன்னார். இரண்டாம் பகுதியில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள். பொதுவான உபதேசம் எல்லாருக்கும் உரியது. ஆகையால் ஒருவருக்கும் உரியதன்று. "என் கால் புண் ஆறாததற்கு இது காரணமா?" என்று அவரே கேட்கும் இடத்துக்குப் பேச்சு வரவேண்டும்.

துணை போவது என்றேனே, அதை மெய்யாகவே துணை என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 12,067 பேருடைய உறவு, நட்பு விவரங்களை இரு ஆராய்ச்சியாளர் ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு 100-க்கு 67 பங்கு குறைந்தது. நண்பர் விட்டால் 36 பங்கு. உடன் பிறந்தவர் விட்டால் 25 பங்கு. ஜனங்கள் ஒவ்வொருவராக அல்ல, கூட்டம் கூட்டமாகவே விட்டார்கள் என்று கண்டார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பிகள் மூவரும் புகைக்கும் வீட்டில் ஒருவரை மட்டும் பிடித்து உபதேசிப்பதைவிட, மூவரும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொள்வது லகுவாயிருக்கலாம்.

மனம் எப்போது முழுமையாகும் என்று நாள் பார்த்துச் சொல்லவும் முடியாது. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், விட்டுப் பார்த்தவர்களில் பாதிப்பேர் முன்யோசனை எதுவுமின்றி, தோன்றிய அந்த நேரத்திலேயே விட்டவர்கள் என்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், திட்டமிட்டு விட்டவர்களைவிட இவர்களுடைய முயற்சியே அதிகம் நிலைத்தது. ஆறு மாதம் நின்றவை, முந்தியதில் 100-க்கு 42, பிந்தியதில் 65. அரைமனம் பல வருஷமாக உள்ளே ஊறிக்கொண்டிருந்து, ஒரு சிறு காரணத்தால் சட்டென்று நிறைகிறது போலும். சிற்றப்பாவின் அடக்கத்திலிருந்து திரும்பி வந்து, கால் கழுவிக்கொண்டே, "இனி இதைத் தொடமாட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். அந்த நேரத்தில் வீட்டார், "இது எத்தனையாவது தடவை!" என்று சிரித்தால் போதும், நிறைந்தது வடிந்துவிடும்.

அந்த நேரத்து மனத்தை, அது மாறுவதற்குள் கட்டிவைக்கும் உபாயங்களும் உண்டு. நேர்ச்சை செய்து பழகிய நமக்கு இது புதிதன்று. பிலிப்பைன்ஸ் தேசத்து மிண்டனாவோ தீவில் ஒரு பாங்கி இதைச் செய்து பார்த்தது. விட விரும்புகிறவர் ஒரு கணக்கில் ஆறு மாதம் பணம் போட்டு வரவேண்டும், வட்டி கிடையாது. முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் புகையிலையின் சுவடு இல்லையென்றால் பணம் திரும்பும். இருந்தால் தர்மத்துக்குப் போய்விடும். கேட்கப்பட்டவர்களில் 100-க்கு 11 பேரே சம்மதித்தார்கள். ஆயினும், இந்த வழி காட்டப்பட்டவர்களில் விட்டவர்கள், காட்டப்படாதவர்களில் விட்டவர்களைவிட அதிகம் என்பது ஓராண்டுக்குப் பின் எடுத்த பரிசோதனையிலும் தெரிந்தது. 2010ஆம் ஆண்டில் இதன் முடிவு வெளியாயிற்று. பிள்ளை தலையில் அடிக்கும் சத்தியத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். இங்கே கட்டிக்கொண்டவர் அவரே. பணயம் அவருடைய பணம். தோற்றாலும் ஓர் ஏழைக்குச் சோறு.

விலை ஏறினால் சிலர் விடுகிறார்கள் என்பதும் மெய். ஏழைகள் முதலில் விடுகிறார்கள். சிகரெட்டைவிடப் பீடிக்கு வரி குறைவாயிருப்பதற்குக் காரணம் சொல்லும்போது, பீடி சுற்றிப் பிழைக்கும் ஸ்திரீகளைக் காட்டுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றும் கைகளைப் பார்த்தவர்கள் அந்தக் காரணத்தை எளிதில் தள்ளமாட்டார்கள். அவர்களுக்கு வேறு பிழைப்புத் தராமல் வரியைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கும் பிடிக்கவில்லை. அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

விழுந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் முயற்சியிலேயே நிரந்தரமாக விட்டவர்கள் சொற்பம். பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகி அதே குற்றத்தை ஐந்தாம் முறை சொல்கிறவனுக்கு மனஸ்தாபமே இல்லை என்று குருவானவர் துரத்திவிடுவதில்லை. வீட்டாருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். "எந்த நேரத்தில் தவறினீர்கள்? யாரோடு இருந்தீர்கள்?" என்று கேட்டால் அடுத்த முயற்சிக்கு அது பாடமாகும். தனியே முடியாதவர்களுக்கு மத்திய அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி ஒன்று இருக்கிறது: 1800-11-2356. வாங்குகிற உறையின்மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். படத்தைப் பார்க்கக் கூசி உறையைத் திருப்புகிறவர்கள் எண்ணையும் பார்க்காமல் விடுகிறார்கள்.

இதுவரை புகைப்பவரைப் பற்றியே பேசி வந்தோம். நம் வீடுகளில் புகையில்லாத புகையிலையும் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஸ்திரீகளில் 100-க்கு 14 பேர் புகையிலை உபயோகிக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாருமே மெல்லுகிறவர்கள், அல்லது வாயில் அடக்கிக்கொள்ளுகிறவர்கள். வாய்ப் புற்று வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். மருத்துவரிடம் போன புகைப்போரில் 100-க்கு 49 பேருக்கு "விடுங்கள்" என்ற புத்திமதி கிடைத்திருந்தது. மெல்லுவோரில் 32 பேருக்கே கிடைத்தது. திண்ணையில் உட்கார்ந்து, சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, புகையிலைக் காம்பைக் கிள்ளி வைக்கும் பாட்டியிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அது அவர்களுடைய வயதுக்கு உரிய உரிமை என்று விட்டுவிடுகிறோம். கடைக்குப் போய் வாங்கி வருவதும் பேரன்தான். விட மனமுண்டா என்று அவர்களை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. வாயில் ஆறாத புண்ணோ வெண்படையோ இருக்கிறதா என்று யாரும் பார்த்ததுமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், "பாட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.